வக்கீல் சங்கத்து ஜிபி மீட்டிங் (பொதுக்குழு), சந்தா, எலெக்‌ஷன்: ஜூனியர்ஸ் வருஷா வருஷம் கேக்குற கேள்விங்க

எங்க ஊரு பார்ல, அதாவது வக்கீல் சங்கத்துல, நான் ஒரு டேர்ம் ட்ரெஷரரா இருந்தேன், அப்புறம் ரெண்டு எலெக்‌ஷன்ல தேர்தல் அதிகாரி பக்கத்துல உக்காந்து ஓட்டு எண்ணினேன். அந்த பாவத்துக்கு இப்ப சந்தா கட்டுற சீசன் வந்தாலே போன் அடிக்க ஆரம்பிச்சிடுது. "சார் பாக்கி கட்டலனா ஓட்டு போயிடுமா", "அண்ணே ரெண்டு பார்ல மெம்பர் நான், எங்க போடறது"... சொன்னதையே சொல்லி அலுத்துப் போச்சு, அதான் மொத்தமா எழுதி வச்சுடறேன். தமிழ்நாட்டுல பொதுவா நடக்குறத தான் சொல்றேன். சங்கத்துக்கு சங்கம் பைலா (சங்கத்தோட விதிங்க) மாறும், உங்க பைலால வேற மாதிரி இருந்தா அது தான் செல்லும், என்கிட்ட சண்டைக்கு வராதீங்க.

பார் கவுன்சில், பார் அசோசியேஷன் ரெண்டும் ஒண்ணு தானே?

இல்ல. லா காலேஜ் முடிச்சு வர்ற பாதி பேருக்கு இந்த குழப்பம் இருக்கு. பார் கவுன்சில்ங்கறது 1961 வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டம் உண்டாக்கின அமைப்பு, நம்மள வக்கீலா பதிவு (என்ரோல்) பண்றது அது தான், நம்ம மேல கட்சிக்காரர் (நம்ம கிட்ட கேஸ் குடுத்தவர்) கம்ப்ளைன்ட் குடுத்தா விசாரிக்கிறதும் அது தான். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேத்து ஒரே கவுன்சில், தேர்ந்தெடுக்கப்பட்ட மெம்பர் 25 பேர், பதவிக்காலம் 5 வருஷம்.

அசோசியேஷன்ங்கறது நாமளா சேந்து வச்சிருக்கிற சங்கம். பெரும்பாலும் 1975 வருஷத்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவு பண்ணியிருப்பாங்க, ஊர்ல இருக்கிற குடியிருப்போர் நலச்சங்கம் மாதிரி தான், சட்டத்தோட கண்ணுக்கு பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரே கோர்ட்ல நாலஞ்சு சங்கம் கூட இருக்கலாம். ஹைகோர்ட்லயே பாருங்க, மெட்ராஸ் பார் அசோசியேஷன் தனி, அட்வகேட்ஸ் அசோசியேஷன் தனி, பெண் வக்கீல்கள் சங்கம் தனி. அட்வகேட்ஸ் அசோசியேஷன் 1889ல வக்கீல்கள் சங்கமா ஆரம்பிச்சது. அந்த காலத்துல பாரிஸ்டர் வேற ஜாதி, வக்கீல் வேற ஜாதின்னு இருந்துச்சு, அந்த பிரிவினை போய் எத்தனையோ வருஷம் ஆச்சு, ரூம் மட்டும் இன்னும் ரெண்டா இருக்கு.

ஃபீஸும் குழப்பிக்காதீங்க. என்ரோல்மென்டுக்கு பொதுப்பிரிவுல 750 ரூபா, எஸ்சி எஸ்டிக்கு 125 ரூபா, அதுக்கு மேல பார் கவுன்சில் வாங்கக்கூடாதுன்னு 2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அந்த தீர்ப்ப கைல வச்சுக்கிட்டு சங்கத்து அட்மிஷன் ஃபீஸ கொறைக்க சொல்லி போன வருஷம் ஒரு தம்பி வாதாடினாப்ல, நல்லா தான் வாதாடினாப்ல, ஆனா தப்பான இடத்துல வாதாடினாப்ல.

சங்கத்துல சேரலனா கோர்ட்ல ஆஜராக முடியாதா?

முடியும். ஆஜராகுற உரிமை 1961 சட்டத்தோட 30வது பிரிவுல இருந்து வருது, சங்கத்துல இருந்து இல்ல. (அந்த பிரிவு அமலுக்கு வந்ததே 2011 ஜூன்ல தான், சரியா 50 வருஷம் சும்மா கிடந்துச்சு, நம்ம வாய்தாவ குத்தம் சொல்றவங்களுக்கு இத சொல்லுங்க.) ஆனா சேராம இருந்தா உக்கார சேர் இல்ல, லைப்ரரி இல்ல, வெல்ஃபேர் ஃபண்டு (வக்கீல் இறந்தா குடும்பத்துக்கு பணம் குடுக்குற நிதி) மேட்டர்ல சிக்கல் வரும். சேந்துடுங்க.

ஆண்டு பொதுக்குழுல என்ன தான் நடக்கும்? எலெக்‌ஷன் அன்னைக்கு வந்தா போதாதா?

போதும்னு தான் எல்லாரும் நினைக்கிறாங்க, என் வயித்தெரிச்சலே அது தான். எலெக்‌ஷன் அன்னைக்கு பார் ஹால்ல கால் வைக்க இடம் இருக்காது, பத்து வருஷமா கோர்ட் பக்கமே வராதவங்க கூட கார் எடுத்துட்டு வருவாங்க. அதே சங்கத்தோட பொதுக்குழுல கணக்கு படிக்கிற நேரத்துல பாத்தா முன்வரிசைல நாலு சீனியர், பின்னாடி செல்போன் பாக்குற ஆறு ஜூனியர், வாசல்ல டீ கிளாஸோட ஒரு கும்பல்.

வரிசைனு பாத்தா முதல்ல அந்த வருஷம் இறந்துபோன மெம்பருங்களுக்கு மௌன அஞ்சலி. அப்புறம் போன கூட்டத்து மினிட்ஸ (நடவடிக்கைக் குறிப்ப) படிச்சு அங்கீகாரம், செக்ரட்டரியோட ஆண்டறிக்கை, ட்ரெஷரரோட வரவு செலவு, ஆடிட்டர் நியமனம், சந்தா தொகைய ஏத்தணுமா வேண்டாமாங்கற பேச்சு, பைலா திருத்தம் ஏதாவது இருந்தா அது, கடைசியா தேர்தல் தேதியும் தேர்தல் அதிகாரி யாருங்கறதும். செக்ரட்டரி அறிக்கை பாதி நேரம் "மாண்புமிகு மாவட்ட நீதிபதி அவர்களை வரவேற்றோம், வழியனுப்பினோம்" தான், அதுல தூங்கினா தப்பில்ல.

கோரம், அதாவது கூட்டம் செல்லணும்னா குறைஞ்சது எத்தனை பேர் இருக்கணும்ங்கறது, பைலால இருக்கும். இல்லனா கூட்டத்த ஒத்திவைக்கணும், ஒத்திவச்ச கூட்டத்துக்கு கோரம் தேவையில்லன்னு பல பைலால எழுதியிருக்கும், அந்த ஓட்டைல தான் பல தீர்மானம் பாஸாகுது, பாத்துக்கங்க.

பைலா திருத்தத்துக்கு மட்டும் சிறப்புத் தீர்மானம் வேணும். 21 நாள் முன்னாடியே இன்ன திருத்தம் கொண்டு வரப்போறோம்னு நோட்டீஸ் குடுக்கணும், ஓட்டுரிமையோட வந்திருக்கிறவங்கள்ல நாலுல மூணு பங்கு ஆதரவு வேணும், அப்புறம் பதிவாளர் ஆபீஸ்ல தாக்கல் பண்ணணும். "ஆல் இன் ஃபேவர்" னு கத்தி கைதட்டி பைலாவ மாத்த முடியாது. வக்கீல்கள் கூட்டத்துலயே இத சொல்ல வேண்டியிருக்குன்னா பாத்துக்கங்க.

கணக்குல எத பாக்கணும், எனக்கு அக்கவுண்ட்ஸ் தெரியாதே?

தெரிய வேண்டாம், நாலு இடத்துல விரல வச்சா போதும். சங்கத்துக்கு வரவு எங்கிருந்து? சந்தா, அட்மிஷன் ஃபீஸ், பல ஊர்ல சங்கமே அச்சடிச்சு விக்கிற வக்காலத் ஃபார்ம் (கட்சிக்காரர் நமக்கு கேஸ் நடத்த அதிகாரம் குடுக்குற தாள்), பேங்க் டெபாசிட் வட்டி, யாராவது சீனியர் குடுக்குற நன்கொடை. செலவு எங்க? பேப்பர் பில், லா ஜர்னல் சந்தா, கூட்டுற அம்மாவுக்கும் லைப்ரரி பையனுக்கும் சம்பளம், தண்ணி கேன், ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர், நீதிபதிகளுக்கு பிரிவு உபசார விழா. அந்த கடைசி ஐட்டத்த மட்டும் ரெண்டு தடவ படிங்க. சால்வை, மாலை, நினைவுப் பரிசு, சாப்பாடுனு தனித்தனியா வவுச்சர் இருக்கணும், "இதர செலவு" னு ஒரே வரில போட்டிருந்தா எழுந்து நின்னு கேளுங்க. லைப்ரரிக்கு எவ்வளவு போச்சு, விழாவுக்கு எவ்வளவு போச்சுனு பக்கத்து பக்கத்துல எழுதி பாத்தீங்கன்னா அந்த வருஷத்து கமிட்டி எப்படிப்பட்டதுனு தெரிஞ்சிடும், என் டேர்ம் உட்பட சொல்றேன்.

ரொம்ப முக்கியமானது வெல்ஃபேர் ஸ்டாம்ப். வக்காலத்துல ஒட்டுறோமே, அந்த ஸ்டாம்ப் வித்த பணம் சங்கத்து பணம் இல்ல, வெல்ஃபேர் ஃபண்டுக்கு போக வேண்டிய பணம். உங்க சங்கம் அத வாங்கி விக்குதுன்னா கணக்கு ரொம்ப சிம்பிள், கைல இருக்கிற ஸ்டாம்ப் கூட்டல் வித்த காசு, ரெண்டும் சேந்தா வாங்கின மொத்தம் வரணும். அஞ்சாங்கிளாஸ் கணக்கு. ஆனா நிறைய இடத்துல நடக்குறது என்னனா ஸ்டாம்ப் காசுல கரண்ட் பில் கட்டுவாங்க, சந்தா வந்ததும் திருப்பி வச்சிடலாம்னு. சந்தா வராது. அப்புறம் அடுத்த ட்ரெஷரர் தலைல விழும். "ஸ்டாம்ப் கைஇருப்பு எவ்வளவு, அதுக்குண்டான காசு எந்த அக்கவுண்ட்ல இருக்கு" இந்த ஒரு கேள்விய மட்டும் ஜூனியர் யாராவது மைக்ல கேட்டுப் பாருங்க, ஹால் எப்படி அமைதியாகுதுனு.

சந்தா பாக்கி இருந்தா ஓட்டு கிடையாதா?

கிடையாது, கிட்டத்தட்ட எல்லா பைலாலயும் அப்படித்தான். கட்-ஆஃப் தேதினு ஒண்ணு அறிவிப்பாங்க, அன்னைக்குள்ள மொத்த பாக்கியும் கட்டி ரசீது வாங்கணும். அப்புறம் வரைவு வாக்காளர் லிஸ்ட்ட நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாங்க, ஆட்சேபணைக்கு சில நாள் குடுப்பாங்க, அதுக்கப்புறம் இறுதி லிஸ்ட். லிஸ்ட் ஒட்டின அன்னைக்கே போய் உங்க பேர் இருக்கா, என்ரோல்மென்ட் நம்பர் சரியானு பாருங்க. ஓட்டு போடுற அன்னைக்கு காலைல வந்து "என் பேர காணோம்" னு சத்தம் போட்டா ஒண்ணும் நடக்காது.

"அண்ணன் கட்டிடறேன்னு சொன்னாரு" னு ஒரு வகை இருக்கு. வேட்பாளர் மொத்தமா அம்பது பேருக்கு பாக்கிய கட்டி ரசீத கொண்டு வந்து குடுப்பாரு. தப்பா ரைட்டானு கேக்குறீங்களா, வருஷத்துக்கு சில நூறு ரூபா சந்தா கட்ட முடியாதவன் கட்சிக்காரர் கிட்ட என்னத்த ஃபீஸ் கேட்டு வாங்குவான்னு எனக்கு தோணும். நெஜமாவே கஷ்டத்துல இருக்கிற ஜூனியர் இருக்காங்க, தெரியும், அவங்களுக்கு சந்தாவ கொறைக்க பொதுக்குழுல தீர்மானம் போடலாம், அதுக்கு தான் பொதுக்குழு.

நான் ஊர்லயும் மெம்பர், ஹைகோர்ட்டோட மதுரை பெஞ்ச் சங்கத்துலயும் மெம்பர். ரெண்டு இடத்துலயும் ஓட்டு போடலாமா?

இது தான் "ஒன் பார் ஒன் ஓட்டு" மேட்டர். சுப்ரீம் கோர்ட் பார் அசோசியேஷன் 2003ல பைலால ஒரு திருத்தம் கொண்டு வந்துச்சு, வேற சங்கத்துல ஓட்டு போட்டவர் இங்க ஓட்டு போடக்கூடாதுனு. அத எதிர்த்து டெல்லில கேஸ் போட்டு தடை வாங்கினாங்க, கடைசியா பி.டி. கௌஷிக் வழக்குல 2011 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் அந்த திருத்தம் செல்லும்னு சொல்லிடுச்சு. மெம்பரா எத்தனை சங்கத்துல வேணா இருந்துக்கோ, எலெக்‌ஷன்ல நிக்கிறதும் ஓட்டு போடுறதும் பைலா குடுத்த உரிமை தான், பைலா அத கட்டுப்படுத்தலாம், இது தான் சாராம்சம். அதுல கோர்ட் சொன்ன காரணம் நம்ம ஊருக்கும் அப்படியே பொருந்தும், தினமும் அங்க பிராக்டிஸ் பண்றவங்க தான் அந்த சங்கத்த நடத்தணும், எலெக்‌ஷனுக்கு மட்டும் வந்து போறவங்க இல்ல.

அதனால எலெக்‌ஷன் வந்தா "நான் வேற எந்த சங்கத்துலயும் ஓட்டு போடமாட்டேன்" னு டிக்ளரேஷன் ஃபார்ம் குடுக்க சொல்வாங்க. குடுத்துட்டு ரெண்டு இடத்துலயும் போடாதீங்க. பொய் டிக்ளரேஷன் குடுத்தா என்ன ஆகும்னு ஒரு வக்கீலுக்கு நான் சொல்லணுமா.

இந்த வருஷம் தான் சேந்தேன், ஏஐபிஇ (அகில இந்திய பார் தேர்வு) இன்னும் எழுதல. ஓட்டு உண்டா?

ரெண்டும் வேற வேற கேள்வி. ஏஐபிஇ பாஸ் பண்றது பிராக்டிஸ் தொடர்றதுக்கு, என்ரோல் ஆன 2 வருஷத்துக்குள்ள முடிச்சாகணும். ஓட்டு பைலாவ பொறுத்தது, சில சங்கத்துல சேந்து ஒரு வருஷம் ஆகணும்னு இருக்கும், சில இடத்துல கட்-ஆஃபுக்கு முன்னாடி சேந்தா போதும். தலைவர் பதவிக்கு நிக்க இத்தனை வருஷ பிராக்டிஸ் வேணும்னு தனியா இருக்கும், அந்த கவல உங்களுக்கு இப்ப வேண்டாம்.

எலெக்‌ஷன் எப்படி நடக்கும், ஓட்டு செல்லாம போறது எதனால?

எந்தெந்த பதவி? தலைவர், துணைத் தலைவர், செக்ரட்டரி, இணைச் செயலாளர், ட்ரெஷரர், லைப்ரேரியன், அப்புறம் செயற்குழு மெம்பர்கள். பதவிக்காலம் 3 வருஷத்துக்கு மேல போகக்கூடாதுனு சங்கச் சட்டம் சொல்லுது, நம்ம சங்கங்கள்ல பெரும்பாலும் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ தான். கட்சி சின்னம் கிடையாது, ஆனா ஜாதி, ஊரு, சீனியர் ஆபீஸ், கட்சினு எல்லாம் உள்ளுக்குள்ள ஓடும், இல்லனு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்.

செல்லாத ஓட்டு பத்தி நேர்ல பாத்தத சொல்றேன். சாயந்திரம் அஞ்சு மணிக்கு பொட்டிய கவுத்தோம். முதல்ல சீட்ட எண்ணி மொத்தம் சரியானு பாக்கணும், கையெழுத்து ரிஜிஸ்டர்ல எத்தனை பேரோ அத்தனை சீட்டு. அப்புறம் பதவி வாரியா ஒருத்தர் பேர படிக்க, ஒருத்தர் போர்டுல கோடு போடுவாரு, நாலு கோடு நேரா, அஞ்சாவது குறுக்க. செயற்குழுவுக்கு ஏழு பேருக்கு டிக் அடிக்கணும்னா எட்டு பேருக்கு அடிச்சிருப்பாங்க, அது போச்சு. ஒரு சீட்டுல டிக்குக்கு பதிலா அழகா கையெழுத்தே போட்டிருந்தாரு ஒருத்தர், முப்பது வருஷமா வக்காலத்துல போட்ட பழக்கம் போல, அடையாளம் தெரியிற சீட்டுங்கறதால அதுவும் போச்சு. யாரு கையெழுத்துனு ஹால்ல எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய தொறக்கல. ட்ரெஷரர் பதவிக்கு வித்தியாசம் நாலே ஓட்டு. ரீகவுண்டிங் கேட்டாங்க, எண்ணினோம், அஞ்சா ஆச்சு. வீட்டுக்கு போறப்ப மணி பதினொன்ற.

பெண்களுக்கு ரிசர்வேஷன் உண்டா?

சுப்ரீம் கோர்ட் பார் அசோசியேஷன்ல 2024 மே மாசம் கோர்ட்டே உத்தரவு போட்டுச்சு, செயற்குழுல குறைஞ்சது மூணுல ஒரு பங்கு பெண்கள், நிர்வாகிகள்ல ஒரு பதவி சுழற்சி முறைல பெண்களுக்கு, முதல் தடவ ட்ரெஷரர் பதவினு. நம்ம ஊரு சங்கங்கள்ல பைலால இருந்தா உண்டு, இல்லனா திருத்தம் கொண்டு வரணும், மேல சொன்ன 21 நாள் நோட்டீஸ், நாலுல மூணு பங்கு. கணக்க போட்டு பாருங்க, ஆம்பளைங்க ஓட்டு இல்லாம அது பாஸாகாது. பெண்கள் வக்கீலாகலாம்னு சட்டம் வந்தது 1923ல. எங்க பார் ஹால்ல பெண் வக்கீல்களுக்கு கதவு பூட்டுற மாதிரி ஒரு பாத்ரூம் வந்தது நான் பிராக்டிஸுக்கு வந்து எட்டு வருஷம் கழிச்சு. அத தீர்மானமா கொண்டு வந்த மேடம் மூணு பொதுக்குழுல எழுந்து எழுந்து கேட்டாங்க, முதல் ரெண்டுலயும் "இதர விஷயங்கள்" ல போட்டு நேரம் இல்லனு முடிச்சிட்டாங்க.

தோத்தவங்க ரிசல்ட்ட ஒத்துக்கலனா?

புது நிர்வாகிகள் லிஸ்ட்ட ஃபார்ம் 7ல மாவட்டப் பதிவாளர் கிட்ட தாக்கல் பண்ணணும். தகராறுனா ரெண்டு கோஷ்டியும் ஆளுக்கொரு ஃபார்ம் 7 கொண்டு போவாங்க. பதிவாளர் மேலோட்டமா தான் பாக்க முடியும், எலெக்‌ஷன் செல்லுமா செல்லாதானு முடிவு பண்றது சிவில் கோர்ட் வேலை. அப்புறம் என்ன, அதே கோர்ட்ல தாவா (சிவில் வழக்கு), முன்சீப் முன்னாடி ரெண்டு பக்கமும் தினமும் பாக்குற முகங்க. அதுவரைக்கும் பேங்க் அக்கவுண்ட்ல யாரு கையெழுத்துனு தெரியாம கூட்டுற அம்மாவுக்கு சம்பளம் நிக்கும், இத நெனச்சுட்டு தாவா போடுங்க.

சங்கம் கோர்ட் புறக்கணிப்பு தீர்மானம் போட்டா நான் ஆஜராகலாமா?

வம்பான கேள்வி, நேரா சொல்றேன். 2002ல ஹரிஷ் உப்பல் வழக்குல சுப்ரீம் கோர்ட் வக்கீல்களுக்கு ஸ்ட்ரைக் பண்ற உரிமை இல்லனு சொல்லிடுச்சு. நீதித்துறையோட கண்ணியம், சுதந்திரம் சம்பந்தப்பட்ட ரொம்ப அபூர்வமான விஷயத்துல ஒரு நாள் எதிர்ப்பு காட்டினா கோர்ட் கண்டுக்காம விடலாம், அவ்வளவு தான். ஸ்ட்ரைக்னால கட்சிக்காரருக்கு நஷ்டம் வந்தா வக்கீல் பதில் சொல்லணும்னு அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ஒரு தீர்ப்பு இருக்கு. புறக்கணிப்புல கலந்துக்கலனு ஒருத்தர சங்கத்த விட்டு நீக்கவும் முடியாது.

சட்டம் இது. நடைமுறை வேற, உங்களுக்கே தெரியும். 2009 பிப்ரவரி 19 அன்னைக்கு ஹைகோர்ட் வளாகத்துக்குள்ள போலீஸ் தடியடி நடந்துச்சே, அந்த நாள இன்னைக்கும் கருப்பு நாளா அனுசரிக்கிறோம். அன்னைக்கு அங்க இருந்த சீனியர் கிட்ட போய் ஹரிஷ் உப்பல படிச்சு காட்ட எனக்கு மனசு வராது. 2024 ஜூலைல புது கிரிமினல் சட்டங்கள் வந்தப்பவும் தமிழ்நாடு பூரா புறக்கணிச்சோம். என் அனுபவத்துல, ஜாமீன் மனுவும் கஸ்டடில இருக்கிற ஆளோட மேட்டரும் இருந்தா செக்ரட்டரி கிட்ட முன்னாடியே சொல்லிட்டு போயிடுங்க, நல்ல செக்ரட்டரி தலைய ஆட்டுவாரு.

வெல்ஃபேர் ஃபண்டுக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

1987ல வந்த சட்டம் அது. வக்கீல் இறந்தா குடும்பத்துக்கு குடுக்குற தொகை 7 லட்சமா இருந்து 10 லட்சமா ஏத்தினாங்க. சங்கத்துல மெம்பரா இருந்தா தானா கிடைக்கும்னு நினைச்சுக்காதீங்க, ஃபண்டுல தனியா விண்ணப்பிச்சு சேரணும், நாமினி பேர் குடுக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி சேந்தவங்க நாமினிய மாத்தினீங்களானு பாத்துக்கங்க, அம்மாவும் மனைவியும் சங்க ஆபீஸ்ல எதிரெதிர உக்காந்திருந்தத நான் பாத்திருக்கேன்.

பைலா காப்பி கேட்டா "இருக்கு தம்பி, பாத்துக்கலாம்" ங்கறாங்க?

மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல மனு போட்டு சான்றிட்ட நகல் வாங்குங்க. நாம அடுத்தவங்களுக்கு தினமும் பண்ற வேலை தானே.

ட்ரெஷரருக்கு நிக்கலாம்னு இருக்கேன் சார், நிக்கலாமா?

நில்லுங்க. ஆனா பொறுப்பு வாங்குற அன்னைக்கு மாலைய கழட்டி வச்சிட்டு ரசீது புக்க எண்ணுங்க. நான் எண்ணல. பழைய ட்ரெஷரர் ஒரு பிக் ஷாப்பர் பைய குடுத்தாரு, போட்டோ எடுத்தாங்க, கையெழுத்து போட்டேன். மூணு மாசம் கழிச்சு ஒரு மெம்பர் சந்தா கட்டினதா ரசீது காட்டுறாரு, கேஷ் புக்ல இல்ல. பாத்தா அம்பது ஷீட் புக்கு ஒண்ணு மொத்தமா காணோம், அந்த சீரியல்ல பதினொரு ரசீது வெளில இருக்கு. பழையவர கேட்டா உங்ககிட்ட தான் குடுத்தேன், நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்கனாரு, நெஜம் தானே. பதினொரு பேர் காசையும் கைல இருந்து கட்டினேன். புக்கு அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறப்ப லைப்ரரி அலமாரிக்கு பின்னாடி கெடச்சுது, பாதி ஷீட் கரையான் தின்னிருந்துச்சு, காசு கெடைக்கல. சீரியல் நம்பர் எதுல இருந்து எது வரைக்கும்னு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஆளுக்கொரு காப்பி வச்சுக்கங்க, ஸ்டாம்ப் ஷீட்டும் அதே மாதிரி, அப்புறமா போட்டோவுக்கு நில்லுங்க.